புறாக்கூட்டுச் சுத்தத்தின் நாள் கணக்கு

தூரத்தில் விட்டாலும் வீடு திரும்பும் பந்தயப் புறாவான ஹோமர் புறா வளர்க்கிற இரண்டு பேர் சந்தித்தால், பத்து நிமிடத்துக்குள் பேச்சு சுத்தத்துக்கு வந்துவிடும்.

"அண்ணே, குஞ்சு தேறவே மாட்டேங்குது."

"பேன் பிடிச்சிருக்கும் தம்பி. பினாயில் ஊத்திக் கழுவி விடு."

அத்தோடு பேச்சு முடிந்துவிடும். எந்தப் பேன், அது எங்கே இருக்கிறது, கழுவினால் போகுமா என்று யாரும் கேட்பதில்லை. கடைசியில் என்ன ஆகிறது? ஒருவர் தினமும் கூண்டைக் கழுவுகிறார். அவர் குஞ்சுகள் தண்ணீராகக் கழிகின்றன. இன்னொருவர் வாரக்கணக்கில் எச்சத்தை அப்படியே விட்டிருக்கிறார்; அவர் குஞ்சுகள் கொழுகொழுவென்று இருக்கின்றன. இரண்டு கூண்டையும் பார்த்துவிட்டு வருகிற புதியவர் குழம்பத்தான் செய்வார்.

சுத்தம் என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேறு வேறு வேலைகள் இருக்கின்றன. புறாவின் மேல் வாழும் பூச்சிக்கு ஒரு வேலை, பலகை இடுக்கில் ஒளியும் பூச்சிக்கு வேறு வேலை, எச்சத்தில் இருக்கும் கிருமிக்கு இன்னொன்று. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது நாள் கணக்கு மட்டும்தான். எது எத்தனை நாளில் பெருகும் என்று தெரிந்துவிட்டால், எப்போது சுரண்ட வேண்டும், எப்போது சட்டியை மாற்ற வேண்டும், எப்போது சும்மா இருக்கலாம் என்பது தானாகப் புரியும். அந்தக் கணக்கை ஆரம்பத்திலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

தொடங்கும் முன் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். புறாக்கள் எல்லாம் இருக்கும் அறையைக் கூண்டு என்கிறேன். ஒரு ஜோடிக்கான தடுப்பைப் பெட்டி என்கிறேன். அதற்குள் முட்டையிட வைக்கும் கிண்ணம் சட்டி. சட்டிக்குள் புறா குச்சி அடுக்கிக் கட்டுவதுதான் கூடு.

தண்ணீர் ட்ரம்மும் புறாக்கூடும்

டெங்கு காலத்தில் வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர்கள் சொல்வதை எல்லோரும் கேட்டிருப்போம். தண்ணீர் ட்ரம்மை வாரம் ஒருமுறை காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் காயவிடுங்கள் என்பார்கள். ஏன் வாரம் ஒருமுறை? கொசு முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பறக்கிற கொசுவாக ஆவதற்கு நம் வெப்பத்தில் சுமார் 7 முதல் 10 நாள் ஆகிறது. ஏழாம் நாளுக்குள் கொட்டிவிட்டால், வளர்ந்துகொண்டிருந்த அத்தனையும் தண்ணீரோடு போய்விடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எவ்வளவு பளிச்சென்று தேய்த்தாலும், அதற்குள் ஒரு தலைமுறை பறந்து போயிருக்கும்.

புறாக்கூட்டிலும் இதே கணக்குத்தான். இன்னொரு உயிரின் உடம்பிலோ உடம்புக்குள்ளோ இருந்து, அதை உண்டு வாழும் உயிருக்கு ஒட்டுண்ணி என்று பெயர். முட்டையில் தொடங்கி, வளர்ந்து, மறுபடி முட்டையிடும் வரை அது கடக்கும் பாதைக்கு வாழ்க்கைச் சுழற்சி என்று பெயர். அந்தச் சுழற்சியில் ஏதாவது ஒரு கட்டத்தில் ஒட்டுண்ணி கைக்கு எட்டும் இடத்தில், அசையாமல் இருக்கும். அந்தச் சமயம் பார்த்து அதை அப்புறப்படுத்துவதுதான் கூட்டுச் சுத்தம். தேய்க்கும் வேகத்தைவிட, போய்த் தேய்க்கும் நாள் முக்கியம்.

கூட்டுக்குள் அந்த ஒரு மாதம்

புறா இரண்டு முட்டை இடும். முதல் முட்டைக்கும் இரண்டாவதுக்கும் ஏறக்குறைய 40 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருக்கும். அடைகாத்து 17, 18 நாளில் பொரியும். முதல் சில நாள் தாயும் தகப்பனும் தங்கள் தொண்டைப்பையில் சுரக்கும் புறாப்பாலைக் கொடுக்கும். பிறகு மெல்ல மெல்லத் தானியம் கலக்கும். பொரிக்கும்போது 20 கிராம்கூட இல்லாத குஞ்சு, நாலு வாரத்தில் கிட்டத்தட்ட 400 கிராமை எட்டிவிடும். இவ்வளவு வேகமாக வளரும் உடம்பிலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குஞ்சு போடும் எச்சத்தை அலகால் தூக்கிக்கொண்டு போய் வெளியே போடும் பழக்கம் பல சிறு பறவைகளுக்கு உண்டு. புறாவுக்குக் கிடையாது. குஞ்சு சில நாள் வளர்ந்ததும், தானே பின்னால் நகர்ந்து சட்டியின் விளிம்பில் எச்சம் போட ஆரம்பிக்கும். நாளாக ஆக விளிம்பைச் சுற்றி எச்சம் வளையமாக இறுகிப் போகும். அந்த வளையம் காய்ந்திருக்கும் வரை பெரிய கெடுதல் இல்லை. ஈரமானால்தான் தொல்லை.

பந்தயத்துக்கு வளர்ப்பவர்கள் ஏன் இதில் இவ்வளவு கவனம் வைக்க வேண்டும் என்பதற்கு இறகு ஒன்றே போதும். ஒரு சிறகில் பறப்புக்கான நீண்ட வெளியிறகுகள் 10. குஞ்சுக்கு இவை முளைப்பது சட்டியில் உட்கார்ந்திருக்கும் காலத்தில்தான். அந்த நாட்களில் பசியோ, காய்ச்சலோ, இரத்தக் குறைவோ வந்தால், அன்று வளர்ந்த பகுதி மெலிந்துபோய், இறகின் குறுக்கே ஒரு கோடாக நின்றுவிடும். வளர்ந்த குஞ்சைக் கையில் எடுத்துச் சிறகை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், அந்தக் கோடு மயிரிழை மாதிரி தெரியும். அந்த இடத்தில் இறகு எளிதில் ஒடியும். சென்னையில் வளர்க்கும் புறா, வடக்கே நாக்பூர், ஜான்சி போன்ற ஊர்களில் பறக்கவிட்டால் அங்கிருந்து வீடு திரும்பி வர வேண்டும். இறகு உதிர்ந்து புது இறகு வரும் வரை அந்தக் கோட்டோடுதான் அது பறந்தாக வேண்டும். எந்தச் சத்து மருந்தும் அதை அழிக்காது.

சரி, இதுவரை சொன்னது இவ்வளவுதான்: குஞ்சு ஏறக்குறைய ஒரு மாதம் ஒரே சட்டியில் இருக்கிறது, அதன் எச்சம் அங்கேயே தங்குகிறது, அந்த மாதத்தில் வரும் குறை இறகிலேயே பதிந்துவிடுகிறது.

பேன் என்று நாம் சொல்லும் மூன்று பூச்சிகள்

வீட்டில் தலைப்பேனும் உண்டு, மூட்டைப்பூச்சியும் உண்டு. இரண்டையும் ஒரே வழியில் யாரும் ஒழிக்க மாட்டார்கள். தலைப்பேனுக்குத் தலையைப் பார்ப்போம், மூட்டைப்பூச்சிக்குக் கட்டிலைப் பார்ப்போம். புறாவில் மட்டும் எல்லாவற்றையும் பேன் என்று சொல்லிவிட்டு, ஒரே மருந்தைத் தெளிக்கிறோம்.

முதலாவது, உண்மையான பேன். இது தலைப்பேன் மாதிரி, முழு வாழ்க்கையும் பறவையின் மேலேயே கழியும். ஈரை இறகிலேயே ஒட்டிவைக்கும். பறவையை விட்டுக் கீழே விழுந்தால் சில நாட்களில் செத்துவிடும். சிறகு இறகுகளுக்கு நடுவில், இழைகளுக்கு இணையாக நீளமாகப் படுத்திருக்கும் ஒல்லிப் பேனை எல்லோரும் பார்த்திருப்போம். அது இரத்தம் குடிப்பதில்லை, இறகின் மென்மையான பகுதியைத் தின்கிறது. இதற்குச் சட்டியைக் கழுவிப் பயனில்லை. புறாவைத்தான் கவனிக்க வேண்டும். இதற்கு எதிராகப் புறாவிடமே நல்ல ஆயுதம் இருக்கிறது. அலகால் கோதிக் கோதிப் பேனை நசுக்கிவிடும். மேல் அலகின் நுனி கீழ் அலகைத் தாண்டிச் சற்று வளைந்திருக்கிறதே, கோதும்போது பேன் நசுங்குவது அந்த நுனியில் பட்டுத்தான். அலகு உடைந்த புறா, நோயால் சோர்ந்து கோதாமல் உட்கார்ந்திருக்கும் புறா, இவற்றில்தான் பேன் மிதமிஞ்சிப் பெருகும். ஒரு புறாவில் திடீரென்று பேன் அதிகமாகத் தெரிந்தால், பேன் மருந்தைத் தேடும் முன் அந்தப் புறாவுக்கு வேறு என்ன குறை என்று பார்ப்பது நல்லது.

இரண்டாவது, மைட் எனப்படும் சிவப்புச் சிற்றுண்ணி. இதுதான் புறாக்கூண்டின் மூட்டைப்பூச்சி. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பகலெல்லாம் பலகை இடுக்கில், ஆணித் துளையில், சட்டியின் அடியில் கூட்டமாக ஒளிந்திருக்கும். விளக்கணைந்த பிறகு ஏறி வந்து இரத்தம் குடித்துவிட்டு மறுபடி இடுக்குக்கே போய்விடும். பட்டினியில் சாம்பல் நிறம், குடித்த பிறகு சிவப்பு. பகலில் குஞ்சைத் தூக்கிப் பார்த்து "ஒண்ணுமே இல்லையே" என்று சொல்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். வெப்பமான நாட்களில் இதன் சுழற்சி 7 முதல் 10 நாளில் முடிந்துவிடும். அதே பூச்சி, இரத்தமே கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். போன வருடம் குஞ்சு எடுத்துவிட்டு அப்படியே மூடிவைத்த பெட்டியில், இந்த வருடம் ஜோடி போட்ட முதல் வாரமே தொல்லை வருவது இதனால்தான். வெப்ப நாடுகளில் இதற்கு உறவான இன்னொரு சிற்றுண்ணியும் உண்டு. அது பகலிலும் கூட்டிலும் குஞ்சின் மேலும் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க நான் செய்வது: இரவு ஒன்பது, பத்து மணிக்குக் கைவிளக்கோடு போவேன். முன்பே சட்டிக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளை மடித்து வைத்திருப்பேன். சட்டியைச் சாய்த்துத் தாளை எடுத்து, மடிப்பைப் பிரித்து, வெளிச்சத்தில் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். தூசி என்று நினைத்த புள்ளிகளில் சில நகரும். விரலால் தேய்த்தால் தாளில் சிவப்புக் கோடு விழும். அந்தக் கோடு குஞ்சின் இரத்தம். முதல் தடவை அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் எல்லாப் பெட்டியையும் கழற்றிப் போட்டேன். பொரித்து ஐந்தாறு நாளே ஆன குஞ்சு, கால் வெளுத்துப்போய், அலகின் உள்பக்கம் வெளிறிப்போய் இருந்தால், தாளில் பார்க்காமலே புரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, புறா ஈ. தட்டையான, பழுப்பு நிற ஈ. இறகுக்குள் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும். பிடித்து நசுக்கினாலும் எளிதில் சாகாது. புறாவின் இரத்தம்தான் இதற்கு உணவு. சமயத்தில் நம்மையும் கடிக்கும். இரண்டு வாரமாகி இறகுக் குருத்து முளைக்கும் குஞ்சுகளில் இதை அதிகம் பார்க்கலாம். இது முட்டையிடுவதில்லை. வயிற்றுக்குள்ளேயே முழுதாக வளர்ந்த புழுவை, ஒரு தடவைக்கு ஒன்றாக, கூட்டுக் குப்பையில் ஈன்றுவிட்டுப் போகும். அந்தப் புழு உடனே இறுகிக் கருப்பு உருண்டையாகிவிடும். பார்க்க எள் மாதிரி இருக்கும். சட்டியைக் கொட்டும்போது அடியில் உருளும் அந்தக் கருப்பு எள்ளைப் பலர் எச்சத்துணுக்கு என்று நினைத்துத் தரையில் தள்ளிவிடுகிறார்கள். அதிலிருந்து ஈ வெளிவர, வெப்பத்தைப் பொறுத்து மூன்று முதல் நாலு வாரம் ஆகும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். குஞ்சு சட்டியில் இருப்பது ஏறக்குறைய நாலு வாரம். ஈ வெளிவர எடுப்பதும் ஏறக்குறைய அதே காலம். முதல் வாரத்தில் ஈன்ற புழு, குஞ்சு இறங்குவதற்குள் ஈயாகி மேலே ஏறிவிடும். நடுவில் ஒரே ஒருமுறை, பதினான்காம் பதினைந்தாம் நாள் வாக்கில், கூட்டுக் குப்பை முழுவதையும் மாற்றிவிட்டால் அந்தத் தலைமுறை அங்கேயே அறுந்துவிடும். பறக்கிற ஈயை விரட்டிப் பிடிக்க வேண்டியதே இல்லை.

இந்த ஈயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொல்லை கடியோடு நிற்பதில்லை. 1898இல் மருத்துவர் ரொனால்டு ராஸ் கல்கத்தாவில், கொசு வழியாகத்தான் பறவை மலேரியா பரவுகிறது என்று காட்டினார். அதற்கு எட்டு வருடம் கழித்து, 1906இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆய்வாளர்களான செர்ஜான் சகோதரர்கள், புறாவின் இரத்தத்தில் வாழும் மலேரியா போன்ற ஒட்டுண்ணியைப் பரப்புவது இந்தத் தட்டை ஈதான் என்று காட்டினார்கள். புறா மலேரியா என்று நாம் சொல்வது அதைத்தான். சாதாரணமாகப் பறந்து திரியும் புறாவில் அது வெளியே தெரியாமல் கிடக்கலாம். தூரப் பந்தயத்தில் மூச்சு வாங்கும்போதுதான் குறை தெரியும். அதோடு, முன்னே சொன்ன ஒல்லிப் பேன் இந்த ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு புறாவிலிருந்து இன்னொரு புறாவுக்குப் பயணம் செய்யும். ஈயை ஒழித்தால் பேன் பரவுவதும் பாதி நிற்கும்.

ஆக, பேனுக்குப் புறாவைப் பார்க்க வேண்டும், சிற்றுண்ணிக்கு இடுக்கைப் பார்க்க வேண்டும், ஈக்குக் கூட்டுக் குப்பையைப் பார்க்க வேண்டும்.

முளைகட்டிய பயறு: எச்சத்துக்குள் நடப்பது

இப்போது அந்த முதல் புதிருக்கு வருவோம். தினமும் கழுவுகிறவர் வீட்டில் ஏன் குஞ்சுகள் கழிகின்றன?

பச்சைப்பயறு டப்பாவில் ஒரு வருடம் இருந்தாலும் பயறாகவே இருக்கும். ஊறவைத்து ஈரத்துணியில் கட்டி வைத்தால் மறுநாள் முளைவிடும். புறாவின் குடலில் காக்சிடியா என்று ஓர் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி உண்டு. அது எச்சத்தோடு முட்டை போன்ற உறைகளாக வெளியே வரும். அவற்றை முட்டை என்றே இங்கே சொல்கிறேன். எச்சம் விழுந்த அந்த நிமிடத்தில் அந்த முட்டைக்கு நோய் உண்டாக்கும் சக்தி கிடையாது. வெளியே ஈரமும் சூடும் காற்றும் கிடைத்து, ஒன்று முதல் நாலு நாளுக்குள் அது 'முளைகட்டிய' பிறகுதான், அதைக் கொத்தித் தின்னும் புறாவுக்கு நோய் வரும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மழைக்காலத்தில், சென்னை மாதிரி கடலோர ஊரில், கூண்டுத் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் பலகை காயாமல் விட்டால் நாம் செய்வது என்ன? இடுக்கில் தங்கிய எச்சத்துக்கு ஈரம் கொடுத்து முளைகட்டுகிறோம். பினாயிலும் சலவைத்தூளும் இந்த முட்டையின் ஓட்டை ஒன்றும் செய்யாது. எச்சம் காய்ந்தே கிடக்கும் இன்னொருவர் கூண்டில், காற்றும் வெயிலும் நன்றாக வருவதால், பயறு டப்பாவிலேயே இருக்கிறது. அவர் சோம்பேறியாக இருந்து தப்பிக்கவில்லை, கூண்டு காய்ந்திருப்பதால் தப்பிக்கிறார். இரண்டு மழை உள்ளே அடித்தால் அவர் கூண்டும் இவருடையதைவிட மோசமாகிவிடும்.

நானும் ஒரு ஐப்பசியில் இதே தவறைச் செய்தேன். பெட்டிகளை எல்லாம் சலவைத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, சாயங்காலமே ஜோடிகளை உள்ளே விட்டேன். இரவெல்லாம் மழை. அடுத்த வாரமே கூட்டைவிட்டு இறங்கியிருந்த குஞ்சுகள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, வால் நனைந்து உட்கார்ந்துவிட்டன. மூன்றைக் காப்பாற்ற முடியவில்லை. அதன்பிறகு என் கூண்டுக்குள் தண்ணீர் போவது குடிக்கவும் குளிக்கவும் மட்டும்தான். தினமும் காலையில் தட்டைக் கரண்டியால் எச்சத்தைச் சுரண்டி எடுக்கிறேன். முளைகட்டும் முன் எச்சம் வெளியே போய்விட வேண்டும் என்பதே கணக்கு. கழுவியே ஆக வேண்டிய சட்டியைக் கூண்டுக்கு வெளியே கழுவி, நல்ல வெயிலில் காயவைத்து எடுத்து வருகிறேன்.

குடல் புழுக்களும் ஏறக்குறைய இதே மாதிரிதான், ஆனால் நிதானமாக. உருண்டைப்புழு சேமியா மாதிரி வெள்ளையாக, சில சென்டிமீட்டர் நீளமாக இருக்கும். அதன் முட்டை எச்சத்தோடு வெளியே வந்து, ஈரமான சூட்டில் ஏறக்குறைய இரண்டு வாரம் கிடந்தபிறகுதான் அடுத்த புறாவுக்குத் தொற்றும். மயிர் மாதிரி மெல்லிய இன்னொரு புழுவின் கணக்கும் ஏறத்தாழ அதேதான். எனவே தினமும் சுரண்டுகிற கூண்டில், தரை காய்ந்திருந்தால், புழு பெரும்பாலும் பெருகாது. தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி எப்போதும் நனைந்திருக்கும் அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். எச்சமும் ஈரமும் சிந்திய தானியமும் ஒன்றாகச் சேரும் இடம் அதுதான்.

சுருக்கமாக: எச்சத்தில் வருவது உடனே தொற்றாது. ஈரம் கிடைத்து, நாள் கழிந்தால்தான் தொற்றும்.

கூட்டைக் கழுவினாலும் போகாத ஒன்று

கேங்கர் வேறு கதை. குஞ்சின் வாயைத் திறந்தால் தொண்டையில் மஞ்சளாகப் பாலாடைக்கட்டி மாதிரி படிந்திருக்குமே, அது. இதை உண்டாக்கும் ஒற்றைச்செல் உயிர், பெரும்பாலான புறாக்களின் தொண்டையில் எந்தத் தொல்லையும் தராமல் இருந்துகொண்டேயிருக்கும். வெளியே காய்ந்தால் உடனே செத்துவிடும். கூட்டுக் குப்பை வழியாகப் பரவ அதற்குத் தேவையே இல்லை, ஏனென்றால் தாயும் தகப்பனும் ஊட்டும் புறாப்பாலிலேயே அது குஞ்சுக்குப் போய்விடுகிறது. பெரிய புறாக்களுக்குள் பொதுத் தண்ணீர்ப் பாத்திரம் வழியாகப் பரவுகிறது.

எனவே சட்டியைப் பத்துத் தடவை மாற்றினாலும் கேங்கர் நிற்காது. ஒரு ஜோடியின் குஞ்சுகளுக்கு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், பார்க்க வேண்டியது அந்த ஜோடியின் தொண்டையை. ஜோடி போடுவதற்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டி, தேவையானால் மருந்து கொடுத்துவிட வேண்டும். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தினமும் தேய்த்துக் கழுவிக் காயவைத்து நிரப்ப வேண்டும். இரண்டு பாத்திரம் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வைப்பது எளிது.

இங்கே இன்னொரு விஷயமும் புரிந்துகொள்ள வேண்டும். கேங்கரோ காக்சிடியாவோ கொஞ்சமும் இல்லாத புறா அபூர்வம். சிறு வயதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொற்றித்தான் குஞ்சுக்கு எதிர்ப்புச் சக்தி வருகிறது. சுத்தம் செய்வது அந்த அளவைக் கொஞ்சமாகவே வைத்திருப்பதற்கு. கிருமியே இல்லாத கூண்டை உண்டாக்க முயன்று மாதாமாதம் மருந்து ஊற்றுகிறவர்களின் புறாக்கள், வேறு கூண்டுப் புறாக்களோடு ஒரே கூடையில் பந்தயத்துக்குப் போய் வந்ததும் படுத்துவிடும்.

சட்டி, ஈர்க்கு, வேப்பிலை

மண் சட்டி எனக்குப் பிடித்தது. வியர்க்காது, வெயிலில் நன்றாகச் சூடேறும், விலையும் குறைவு. பிளாஸ்டிக் கிண்ணம் கழுவ எளிது. ஆனால் வழவழப்பான அடியில் குச்சி இல்லாமல் குஞ்சை விட்டால், கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, பிறகு நேராகாமலே போய்விடும். எந்தச் சட்டியானாலும் அடியில் பிடிமானம் வேண்டும். தென்னை ஈர்க்கைச் சாண் நீளத்துக்கு ஒடித்துத் தரையில் போட்டுவிட்டால், ஆண் புறா ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க, பெண் புறா அடுக்கிக்கொள்ளும். ஈர்க்கு காற்றோட்டமாக இருக்கும், ஈரம் தங்காது. வைக்கோலும் துணிக் கிழிசலும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், எனக்கு உடன்பாடில்லை.

பெல்ஜியத்திலும் அமெரிக்காவிலும் புகையிலைத் தண்டைக் கூட்டுக்குப் போடும் பழக்கம் உண்டு, பூச்சிக்கு ஆகாது என்று. நம் பக்கம் வேப்பிலை. நிழலில் காயவைத்த வேப்பிலையை ஈர்க்குக்கு அடியில் போடுவதில் தப்பில்லை, நானும் போடுகிறேன். ஆனால் வேப்பிலை போட்டாயிற்று, இனி இடுக்கைப் பார்க்க வேண்டாம் என்று இருந்துவிட முடியாது. பச்சை இலையாகப் போட்டால் பூசணம் பிடிக்கும்.

இடுக்குகளே இல்லாத பெட்டிதான் சிற்றுண்ணிக்கு உண்மையான மருந்து. விரிசலை அடைத்துச் சுண்ணாம்பு அடித்துக் காயவிடும் பழைய வழக்கம் அருமையானது. ஒளிய இடமே இல்லாமல் போகிறது, வெள்ளைச் சுவரில் பூச்சியும் கண்ணில் படுகிறது. பெட்டியை ஆணி அடித்து நிரந்தரமாக்காமல், கழற்றி வெயிலில் போடும்படி செய்துகொள்ளுங்கள்.

கூட்டில் வைக்கவே கூடாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். அந்துருண்டையின் ஆவி குஞ்சுக்கு விஷம். மண்ணெண்ணெய் பூசினால் குஞ்சின் தோல் வெந்துவிடும். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் "துளிதானே" என்று கலந்து தெளிப்பவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

மருந்து எங்கே உதவும்

பறவைக் கூண்டுகளுக்கென்று விற்கும் பெர்மெத்ரின் வகை மருந்தைக் காலிப் பெட்டியின் இடுக்குகளில் அடித்து, நன்றாகக் காய்ந்தபிறகு ஜோடியை விடலாம். முட்டை மேலும் சிறு குஞ்சு மேலும் நேராக அடிக்கக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் அதை அண்ட விடாதீர்கள், பூனைக்கு இது விஷம். ஒருமுறை அடித்ததோடு நிறுத்தினால் பயனில்லை. மருந்து முட்டைகளைச் சரியாகக் கொல்லாது, அவை ஒரு வாரத்தில் பொரிந்து வரும். எனவே ஏழெட்டு நாள் கழித்து மறுபடி அடிக்க வேண்டும். "மருந்து வேலை செய்யவில்லை" என்கிற புகாரில் பாதி, இந்த இரண்டாம் தடவையை விட்டுவிட்டதால் வருவது.

புழு மருந்தில் ஒரு பெரிய எச்சரிக்கை. ஆட்டுக்கும் நாய்க்கும் கொடுக்கும் பென்பெண்டசோல், அல்பெண்டசோல் மருந்துகளைப் புறாவுக்குக் கொடுக்காதீர்கள். புறாவின் எலும்பு மஜ்ஜையை அவை கெடுக்கும். இறகு வளரும் காலத்தில் இறகு கோணலாகும், உயிரும் போகலாம். எச்சத்தைக் கால்நடை மருத்துவமனையில் நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லி, என்ன புழு என்று தெரிந்தபிறகு, மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள்.

உங்கள் மூச்சையும் பார்த்துக்கொள்ளுங்கள். எச்சத் தூசியும் இறகுப் பொடியும் வருடக்கணக்கில் நுரையீரலுக்குள் போனால், சிலருக்கு ஒவ்வாமையாகி, கூண்டுக்குப் போய்வந்த சில மணி நேரத்தில் காய்ச்சலும் இருமலும் வரும். அப்படியே விட்டால் நுரையீரல் தழும்பேறிப் போகும். சுரண்டும்போது என்95 முகக்கவசம் போடுங்கள். துடைப்பத்தால் பெருக்கித் தூசியைக் கிளப்ப வேண்டாம்.

ஒரு ஜோடியின் நாட்காட்டி

இனி எல்லாவற்றையும் ஒரே ஜோடியில் பொருத்திப் பார்க்கலாம். கூண்டுச் சுவரில் ஒரு தினசரிக் காலண்டரும் பென்சிலும் மாட்டிவையுங்கள்.

ஜோடி போடுவதற்கு இரண்டு வாரம் முன்பே பெட்டியைக் கழற்றி வெயிலில் போட்டு, இடுக்கில் மருந்து, ஒரு வாரம் கழித்து மறுபடி மருந்து. ஜோடி சேர்ந்து முட்டையிட்டபிறகு கூட்டைத் தொட வேண்டாம். சட்டிக்கு அடியில் அந்த வெள்ளைத் தாளை மட்டும் வையுங்கள். பொரித்த மறுநாள் ஓட்டுத்துண்டு ஏதும் இருந்தால் எடுத்துவிடலாம். ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் காலில் வளையம் மாட்டக் குஞ்சைக் கையில் எடுக்கத்தான் போகிறோம். அந்தச் சமயத்தில் கால் நிறத்தைப் பாருங்கள், வாயைத் திறந்து பாருங்கள், ஈரமான ஈர்க்கை எடுத்துவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். பதினான்காம் நாள் முழு மாற்றம்: குஞ்சுகளை ஒரு கூடையில் வைத்துவிட்டு, குப்பையோடு சட்டியை வெளியே எடுத்து, வெயிலில் காய்ந்த வேறு சட்டியில் புது ஈர்க்கு போட்டு அதே இடத்தில் வைத்து, குஞ்சை விடுங்கள். ஐந்து நிமிட வேலை. பெற்றவை இதற்கெல்லாம் கோபித்துக்கொண்டு குஞ்சைக் கைவிடாது.

குஞ்சுக்கு இரண்டு மூன்று வாரமாகும்போதே பெண் புறா அடுத்த முட்டைக்குத் தயாராகிவிடும். அதனால்தான் ஒரு பெட்டிக்குள் இரண்டு சட்டிக்கு இடம் வேண்டும் என்கிறோம். இருபத்தெட்டாம் நாள் வாக்கில் குஞ்சுகள் தானே தானியம் பொறுக்க ஆரம்பித்ததும் பிரித்து வேறு அறைக்கு மாற்றுவோம். அன்றைக்குத் தாய் பக்கத்துச் சட்டியில் புது முட்டை மேல் உட்கார்ந்திருக்கும். அதைக் கலைக்காமல் பழைய சட்டியை மெதுவாக எடுத்து, மாடியின் இன்னொரு மூலைக்குக் கொண்டுபோய், ஒரு பழைய செய்தித்தாள் மேல் கவிழ்த்துத் தட்டுங்கள். ஈர்க்குகளுக்கு நடுவில் கருப்பு எள் உருண்டால் எண்ணிப் பார்த்து, அந்தத் தேதியில் காலண்டரில் குறியுங்கள். பிறகு தாளைச் சுருட்டி அங்கேயே எரித்துவிடுங்கள்.